லக்ஸம்பர்க்: இடித்த கோட்டையும் இடிக்க முடியாத சுரங்கமும்

லக்ஸம்பர்க் நகரத்துக்குப் போகிறவர்கள் தவறாமல் இறங்கிப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. அல்செட் என்ற சின்ன ஆறு வளைந்து ஓடும் பள்ளத்தாக்கு. அதன்மேல் கப்பலின் முன்பக்கம் போல நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பாறை. பெயர் போக். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனால் பாறையைக் குடைந்து செய்த கூடங்கள், அவற்றிலிருந்து கிளை பிரியும் நடைபாதைகள், இன்னும் கீழே இறங்கும் சுழல் படிக்கட்டுகள். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே ஈரக் குளிர்ச்சி. சில இடங்களில் குனிந்துதான் நடக்க வேண்டும். எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். நடுநடுவே பாறையில் வெட்டிய பெரிய துளைகள் வழியாக வெளிச்சம் வரும். அங்கே நின்று பார்த்தால் கீழே ஆறும், க்ருண்ட் பகுதியின் பழைய வீடுகளும், நோய்முன்ஸ்டர் மடத்தின் கூர்மையான கோபுரமும் தெரியும். போட்டோ எடுக்க அருமையான இடம். துளை வெட்டியதென்னவோ பீரங்கிக்காக.

இந்தக் கூடங்களுக்கு கேஸ்மேட் என்று பெயர். இவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ராகத்தில்தான் பாடுகிறார்கள். அடேயப்பா, நகரத்துக்கு அடியில் மொத்தம் 23 கிலோமீட்டர் சுரங்கம்! சில இடங்களில் 40 மீட்டர் ஆழம்! போக் பாறைக்குள் மட்டும் 50 பீரங்கிகள், 1200 படைவீரர்கள்! "வடக்கின் ஜிப்ரால்டர்" என்ற பட்டத்தையும் மறக்காமல் சேர்த்துவிடுவார்கள். எல்லாம் உண்மைதான். வியப்பதில் தப்பும் இல்லை. ஆனால் இப்படி வியந்துவிட்டு மேலே ஏறி வருகிறவர் இந்த ஊரின் கதையில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார். மீதிப் பாதி கோட்டையை இடித்த கதை. இரண்டில் அதுதான் பெரிய கதை.

முதலில் கட்டிய கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 963-ல் சீக்ஃபிரீட் என்ற பிரபு, ட்ரியர் நகரத்து மடத்தோடு நிலப் பரிமாற்றம் செய்து இந்தப் பாறையை வாங்கினார். அதன்மேல் ஒரு கோட்டை எழுந்தது, கோட்டையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. இடம் அப்படிப்பட்ட இடம். மூன்று பக்கமும் செங்குத்தான பள்ளம், நாலாவது பக்கத்தை மட்டும் காத்தால் போதும். காக்க எளிது என்றால் எல்லோருக்கும் அது வேண்டும்தானே? 1443-ல் பர்கண்டிக்காரர்கள் பிடித்தார்கள். பிறகு ஸ்பெயின், பிரான்ஸ், ஆஸ்திரியா, மறுபடி பிரான்ஸ், கடைசியில் பிரஷ்யா. ஒவ்வொருவரும் முந்தியவர் கட்டியதைப் போதாது என்று நினைத்து மேலும் கட்டினார்கள். முதல் கேஸ்மேட்டுகளை 1644-ல் ஸ்பெயின்காரர்கள் வெட்டினார்கள். 1684-ல் பதினாலாம் லூயியின் படை ஊரைப் பிடித்ததும், முற்றுகையை நடத்திய பொறியாளர் வோபானே கோட்டையைப் பலப்படுத்தும் வேலையையும் செய்தார். தான் உடைத்ததையே இன்னொருவன் உடைக்க முடியாதபடி கட்டுவது அந்தக் காலத்து எஞ்சினியரிங். இப்போது பயணிகள் பார்க்கும் போக் சுரங்கங்கள் பெரும்பாலும் அதற்குப் பின்னால் வந்த ஆஸ்திரியர்களின் கைவேலை, 1740-களில் முடிந்தவை.

இவ்வளவு சுரங்கம் எதற்கு? பீரங்கி வைக்க, மறைந்து நடமாட, ஆளையும் குதிரையையும் வெடிமருந்தையும் பத்திரமாக வைக்க. உள்ளேயே சமையல்கட்டு, ரொட்டி சுடும் இடம், பட்டறை, கசாப்புக் கூடம் எல்லாம் இருந்தன. அந்தக் கால ஐரோப்பியக் கோட்டைச் சுரங்கங்களுக்குப் பொதுவாக இன்னொரு வேலையும் உண்டு. எதிரி மதிலுக்கு அடியில் பள்ளம் தோண்டி வெடி வைப்பான். அவன் தோண்டும் சத்தத்தை உள்ளே இருப்பவர்கள் சுவரில் காது வைத்துக் கேட்க வேண்டும். கேட்டதும் அவனுக்குக் கீழே இவர்கள் வெடி வைக்க வேண்டும். இருட்டில், சில முழ மண்ணுக்கு இப்புறமும் அப்புறமும் இருந்து, யார் முந்துகிறார் என்ற போட்டி.

இதில் மாட்டிக்கொண்ட மனிதனின் நிலை என்ன என்று தெரிய, லக்ஸம்பர்க்கை விட்டுச் சற்று இத்தாலிப் பக்கம் போக வேண்டும். டூரின் நகரத்துக்கு அடியிலும் இதே வகைச் சுரங்கங்கள் உண்டு, சுமார் 14 கிலோமீட்டர். 1706-ல் பிரெஞ்சுப் படை அந்த நகரை முற்றுகையிட்டபோது, ஆகஸ்ட் 29 இரவு எதிரிகள் சிலர் ஒரு சுரங்க வாசலுக்குள் நுழைந்துவிட்டார்கள். உள்ளே காவலுக்கு இருந்த பியெத்ரோ மிக்கா என்ற சாதாரண வீரர் குட்டைத் திரியைப் பற்றவைத்து வெடிமருந்தை வெடிக்கச் செய்தார். எதிரி நின்றான். மிக்கா செத்தார். ஒரு வாரத்தில் முற்றுகை உடைந்தது, நகரம் தப்பியது. இன்று அவர் பேரில் அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது, சிலை இருக்கிறது. அவர் வெடி வைத்த படிக்கட்டை 1958-ல் தோண்டிக் கண்டுபிடித்தார்கள். அப்போது அவருடைய விதவை மனைவிக்கு அரசு கொடுத்தது என்ன தெரியுமா? ஆயுள் முழுக்க தினமும் இரண்டு ரொட்டி.

லக்ஸம்பர்க்குக்குத் திரும்பலாம். இங்கே மிக்கா போல ஊர்ப்புகழ் பெற்ற வீரர் யாரும் இல்லை. ஆனால் கோட்டைக்காக ஊர் கொடுத்த விலைக்குக் குறைவில்லை. 1554-ல் வெடிமருந்து வெடித்து மேல் நகரத்தில் பெரிய நாசம். அதில் போன கட்டடங்களில் நகர மன்றமும் ஒன்று. அது இருந்த இடத்தில் பிறகு கட்டியதுதான் இன்றைய கிராண்ட் டியூக் அரண்மனை. 1683 டிசம்பரில் பிரெஞ்சுப் படை ஊர்மீது குண்டு பொழிந்தது. 1807-ல் மின்னல் தாக்கி இன்னொரு வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது, பள்ளத்தாக்கில் குடியிருந்தவர்கள் பலர் செத்தார்கள். கவனியுங்கள், மூன்றில் இரண்டு எதிரி செய்ததே இல்லை. காப்பாற்றுவதற்காகச் சேர்த்து வைத்த மருந்தே செய்தது.

சரி, கோட்டை தன் வேலையையாவது ஒழுங்காகச் செய்ததா? 1794 கடைசியில் பிரெஞ்சுப் புரட்சிப் படை வந்து நின்றது. மதிலை அவர்களால் உடைக்க முடியவில்லை. உடைக்க வேண்டிய தேவையும் வரவில்லை. வழிகளை அடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஏழு மாதம் கழித்து, 1795 ஜூனில், சாப்பாடு தீர்ந்து கோட்டை சரணடைந்தது. ஜிப்ரால்டருக்கு அடுத்தபடி உலகிலேயே சிறந்த கோட்டை இதுதான் என்று பிரான்ஸின் கார்னோ பாராட்டினார். ஜெயித்தவர் வாயால் வந்த பாராட்டு! அந்தப் பட்டத்தைத்தான் இன்று சுற்றுலாக் கையேடுகளில் பெருமையாக அச்சடிக்கிறார்கள்.

இதைவிடக் கொடுமை, சண்டை இல்லாத காலத்திலும் கோட்டை ஊரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் கோட்டை அமைப்புகள் பிடித்திருந்த இடம் 180 ஹெக்டேர். நகரம் 120 ஹெக்டேர்தான். வீட்டைவிடப் பூட்டு பெரிதாக இருந்தால் எப்படி இருக்கும்? மதிலுக்கு வெளியே கட்டடம் கட்டவும் தடை, ஏனென்றால் அது பீரங்கி சுடும் பாதை. 1859-ல் ரயில் வந்தபோது ஸ்டேஷனை ஊரிலிருந்து தள்ளி, பள்ளத்தாக்குக்கு அந்தப்புறம் கொண்டுபோய் வைத்தார்கள். அதையும் மரத்தில்தான் கட்ட வேண்டியிருந்தது. போர் வந்தால் சீக்கிரம் அப்புறப்படுத்த வேண்டுமே! ஐரோப்பா முழுக்க ரயில் நிலையங்கள் அரண்மனை மாதிரி எழுந்துகொண்டிருந்த நேரம் அது. இந்த ஊருக்குக் கல்லால் ஆன ஸ்டேஷன் கிடைக்க 20-ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

இப்போது 1867-க்கு வரலாம். லக்ஸம்பர்க்கின் கிராண்ட் டியூக் நெதர்லாந்து மன்னர். கோட்டைக்குள் உட்கார்ந்திருந்தது பிரஷ்யப் படை. விலைக்குக் கேட்டது பிரான்ஸின் மூன்றாம் நெப்போலியன், 50 லட்சம் கில்டருக்கு. ஊர் ஒன்று, உரிமையாளர் ஒருவர், குடியிருப்பவர் இன்னொருவர், வாங்க வந்தவர் மூன்றாமவர். ஊர்க்காரர்களை யாரும் கேட்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பிஸ்மார்க் முறைக்க, பிரான்ஸும் பிரஷ்யாவும் சண்டைக்கே தயாராகிவிட்டன. கடைசியில் லண்டனில் கூடிப் பேசி, 1867 மே 11 அன்று ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். லக்ஸம்பர்க் நடுநிலை நாடு. பிரஷ்யப் படை வெளியேற வேண்டும். கோட்டையை இடிக்க வேண்டும்.

ஆக, இடிப்பது என்பது ஊரைப் பிடித்த எதிரி செய்த வேலை இல்லை. சண்டை வராமலிருக்கப் போட்ட ஏற்பாடு. இந்த வித்தியாசம் முக்கியம். வோபான் பாணியில் ஒரு கோட்டை நம் பாண்டிச்சேரியிலும் இருந்தது, பிரெஞ்சுக் கம்பெனி கட்டியது. 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்ததும் கோட்டையோடு சேர்த்து ஊரையும் தரைமட்டமாக்கினார்கள். கோட்டைகளுக்கு வழக்கமாக வருகிற முடிவு அதுதான். லக்ஸம்பர்க்குக்கு வந்தது அபூர்வமான இன்னொரு முடிவு.

இடிக்கும் வேலை 16 வருஷம் நடந்தது, 1883 வரை. செலவு 15 லட்சம் தங்க பிராங்க். ஊரில் எல்லோரும் துள்ளிக் குதித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். படைவீரர்களை நம்பிப் பிழைப்பு நடத்திய கடைக்காரர்களும் மதுக்கடைக்காரர்களும் இனி வியாபாரத்துக்கு என்ன செய்வது என்று கவலைப்பட்டார்கள். நியாயமான கவலைதான். ஆனால் மதில் போன இடத்தில் அகலமான சாலைகள் வந்தன. மேற்குப் பக்கத்து அரண்கள் இருந்த இடத்தில் எதுவார் ஆந்த்ரே என்ற பிரெஞ்சுக்காரர் வடிவமைத்த பூங்கா வந்தது. 1903-ல் பெட்ரூஸ் பள்ளத்தாக்கின் மேல் அடோல்ஃப் பாலம் திறந்தது. கட்டியபோது உலகத்திலேயே பெரிய கல் வளைவு அதில்தான் இருந்தது. ஊர் அப்போதுதான் கையைக் காலை நீட்டியது.

சுரங்கத்தை மட்டும் முழுதாக ஒழிக்க முடியவில்லை. வெடி வைத்தால் மேலே இருக்கும் வீடுகளும் சேர்ந்து விழும். அதனால் வாசல்களையும் முக்கிய இணைப்புகளையும் அடைத்துவிட்டு விட்டார்கள். 23 கிலோமீட்டரில் 17 மிஞ்சியது. பயணிகள் இன்று டிக்கெட் வாங்கிப் பார்ப்பது, சரியாகச் சொன்னால், இடிக்க முடியாமல் விட்ட மிச்சத்தை.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: "கோட்டையை இடித்துவிட்டு நடுநிலை என்று உட்கார்ந்தார்களே, 1914-லும் 1940-லும் ஜெர்மனி வந்து மிதிக்கவில்லையா?" மிதித்தது. நல்ல கேள்வி, மழுப்பக் கூடாது. ஒப்பந்தக் காகிதம் எந்த டாங்கியையும் நிறுத்தவில்லை. ஆனால் கோட்டை இருந்திருந்தால் நிறுத்தியிருக்குமா? பதில் பக்கத்து நாட்டிலேயே இருக்கிறது. பெல்ஜியம் லியேஜ் நகரைச் சுற்றி 12 கோட்டைகள் கட்டி வைத்திருந்தது. 1914 ஆகஸ்டில் ஜெர்மனியின் ராட்சத பீரங்கிகள் அவற்றை அடித்து நொறுக்கின. அவற்றில் லோன்சென் கோட்டையில் குண்டு வெடிமருந்து அறைக்குள்ளேயே விழுந்தது. 300-க்கும் மேற்பட்ட வீரர்கள் செத்தார்கள், பலர் இன்னும் அந்த இடிபாட்டுக்குள்ளேயே கிடக்கிறார்கள். அப்புறம் அதே நாட்டில் எபென் எமேல் கட்டினார்கள், கிலோமீட்டர் கணக்கில் சுரங்கம், அசைக்கவே முடியாது என்றார்கள். 1940 மே 10 காலையில் கிளைடர் விமானங்களில் சுமார் 80 பேர் அதன் கூரைமேல் வந்து இறங்கினார்கள். மறுநாள் கோட்டை சரண். பிரான்ஸின் மாஜினோ அரண் கதை எல்லோருக்கும் தெரிந்ததே.

ஆகவே கோட்டை இல்லாததால் லக்ஸம்பர்க் விழுந்தது என்று சொல்ல முடியாது. கோட்டையை இடித்ததாலேயே அமைதி வந்தது என்றும் சொல்லக் கூடாது. இரண்டாவது போர் முடிந்ததும் அந்த நாடே 1948-ல் நடுநிலையைக் கைவிட்டு அடுத்த வருஷம் நேட்டோவில் சேர்ந்தது. சொல்லக் கூடியது இவ்வளவுதான்: அந்த மதில்கள் பெரும்பாலும் பிறருடைய சொத்தைக் காத்தன. அதற்கான வாடகையை ஊர்க்காரர்கள் கட்டினார்கள்.

சுரங்கங்கள் ஊர்க்காரர்களுக்கு நேரடியாக உதவிய காலம் ஒன்று உண்டு. அது பீரங்கிகள் போன பிறகு. உலகப் போர்களின்போது விமானக் குண்டுக்குப் பயந்து மக்கள் ஒதுங்க இவற்றைத் திறந்துவிட்டார்கள். 35,000 பேர் தங்கக்கூடிய இடம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆஸ்திரிய வீரன் காவல் நின்ற கூடத்தில் பாட்டிகளும் கைக்குழந்தைகளும் போர்வை விரித்து உட்கார்ந்திருந்ததை யோசித்துப் பாருங்கள். கேஸ்மேட்டுகளுக்குப் போகிறவர்கள் பீரங்கி எண்ணிக்கையைக் கேட்பதைவிட இதைப் பற்றிக் கேட்கலாம். பெரிய கூடத்தில் ஒரு நிமிஷம் நின்று, இங்கே எத்தனை குடும்பம் உட்கார்ந்திருக்கும், குழந்தை அழுதால் எப்படி எதிரொலித்திருக்கும், தண்ணீர் எப்படி வந்திருக்கும் என்று யோசித்தால் இடமே வேறு மாதிரி தெரியும்.

1933-ல் சுரங்கங்களைப் பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள். 1994-ல் பழைய நகரமும் அரண்களும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. அதெல்லாம் நல்லது. ஆனால் அதோடு ஒரு வேடிக்கையும் நடந்தது. கிர்ஷ்பெர்க் குன்றில் துங்கென் என்றொரு கோட்டை. 1867 ஒப்பந்தப்படி இடித்தபோது மூன்று கோபுரங்கள் மட்டும் தப்பின. 1990-களில் மீதியைத் திரும்பக் கட்டினார்கள்! இடிக்க ஒரு தலைமுறை காசு கொடுத்தது, கட்ட இன்னொரு தலைமுறை காசு கொடுத்தது :) உள்ளே இப்போது அருங்காட்சியகம், 2012-ல் திறந்தது. பக்கத்திலேயே ஐ. எம். பெய் வடிவமைத்த கண்ணாடிக் கலைக்கூடம், 2006-ல் திறந்தது. கலைக்கூடம் சரி, புத்தம் புதிதாகக் கட்டிய பழைய கோட்டை தேவைதானா என்பது கேட்க வேண்டிய கேள்வி. இடிந்ததை இடிந்தபடி விட்டு, ஏன் இடிந்தது என்று பக்கத்தில் எழுதி வைத்திருந்தால் வருகிறவர்கள் கூடுதலாகவே கற்றுக்கொண்டிருப்பார்கள். வழவழவென்று நிற்கும் புது மதிலைப் பார்க்கும் பள்ளிப் பிள்ளைக்கு, இது இங்கே இருக்கக் கூடாது என்று நாடுகள் கூடி முடிவெடுத்தன என்பது எப்படித் தோன்றும்?

அதே குன்றில் கொஞ்ச தூரத்தில் ஐரோப்பிய நீதிமன்றம், தணிக்கை மன்றம், முதலீட்டு வங்கி எல்லாம் நிற்கின்றன. பீரங்கி சுடும் பாதையாக இருந்த நிலம்தான்.

போவதாக இருந்தால் நல்ல பிடிப்புள்ள செருப்போ ஷூவோ போட்டுக்கொள்வது நல்லது. படிகள் ஈரத்தில் வழுக்கும், சுழல் படிக்கட்டு ரொம்பக் குறுகல். முழங்கால் வலி உள்ளவர்களை வற்புறுத்தி இழுத்துப் போக வேண்டாம். சுரங்கத்தோடு நிறுத்தாமல், வெளியே வந்ததும் பூங்கா வழியாக ஒரு நடை போகலாம். மதில் இருந்த பாதை அது. டிக்கெட் கிடையாது, கூட்டமும் கிடையாது. கால் வலித்தால் பஸ்ஸோ டிராமோ ஏறிக்கொள்ளலாம், 2020 மார்ச்சிலிருந்து அவையும் இலவசம்.

இன்னொன்று. போக் பாறைக்குக் கீழே, ஆற்றங்கரையில் கிளாவுசென் என்ற பகுதி இருக்கிறது. கோட்டையை இடித்து முடித்த மூன்றாவது வருஷம், 1886-ல், ராபர்ட் ஷூமான் பிறந்தது அங்கேதான். பிற்பாடு பிரான்ஸின் வெளியுறவு அமைச்சராகி, 1950 மே 9 அன்று பிரான்ஸின் நிலக்கரியையும் எஃகையும் ஜெர்மனியுடையதோடு சேர்த்து ஒரே நிர்வாகத்தின் கீழ் வைக்கலாம் என்று அறிவித்தவர். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆரம்பம் அந்த அறிவிப்புதான். பாறையிலிருந்து கிளாவுசெனுக்கு நடந்தே இறங்கிவிடலாம்.